நான்கால் வகுத்தால்

பிப்ரவரி ஒன்றிலிருந்து ஆயிரத்து எழுநூறு வெள்ளி.
கணினியில் ஒரே ஒரு கட்டத்தைத் திருத்தினால்
பத்தி முழுதும் தானாக ஏறிக்கொள்ளும்.
திருத்தாதே என்று சொல்லிவிட்டு
தேவராசு கோப்பி குடிக்க இறங்கிப் போனார்.

பகாவில், டயர்க் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
தோட்டங்களுக்கு ஆள் விடும் குத்தகை.
செம்பனைக் குலை வெட்ட ஏழு பேர், லோரிக்கு இருவர்,
உரம் போட மூவர்,
உதிர்ந்த பழம் பொறுக்க நான்கு பெண்கள்,
எல்லாருக்கும் சம்பளச் சீட்டு அடிக்க நான்.
பதினேழு.

பெரிய தோட்டத்தில் முதல் மாதமே கொடுத்துவிட்டார்கள்.
வானம் இடிந்து விழவில்லை. ஒருவரையும் அனுப்பவுமில்லை.
ரஃபீக்குல் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி
"அக்கா, செரிபு துஜு ராத்துஸ்?" என்றான்.
அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியதாக நடித்தேன்.

எனக்குப் பதினோரு வருட சர்வீஸ்,
ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.
அடிமட்டத்துக்கும் எனக்கும் இருநூற்றைம்பது இடைவெளி இருந்தது.
இனி ஐம்பது. ஒரு கேஸ் தோங், மீதிக்கு ஒரு கோழி.
சுருக்கென்றது.
அதைச் சொல்லாமல் விட்டால்
இந்தக் கணக்கிலும் பொய் எழுதியவள் ஆவேன்.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது.
ஐந்து பேருக்குக் குறைந்த இடத்துக்கு ஆகஸ்ட் வரை தவணை.
தேவராசு அதை வட்டமிட்டுக் கொண்டுவந்தார்:
தன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று,
மச்சான் பெயரில் ஒன்று,
சிரம்பானில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும்
மாமியார் பெயரில் ஒன்று. கைநாட்டு போதுமாம்.

பதினேழை நான்கால் வகுத்தேன்.
ஈவு நான்கு. மீதி ஒன்று.

மீதிக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் பவளக்கொடி.
முட்டி மடங்காது; இடுப்பை மட்டும் ஒடித்து
புல்லுக்குள் ஒளிந்த பழத்தையும் எடுத்துவிடுவாள்.
அந்த இருநூறுக்கு அவளிடம் திட்டம் இருந்தது:
மகனுடைய மோட்டார்த் தவணை நூற்று அறுபது.
மீதி நாற்பதுக்கு என்னவென்று சொல்லவில்லை, சிரித்தாள்.

"பழைய சம்பளமே போதும்பாள், கேட்டுப் பாரேன்."
சம்பளமா இப்போது பிரச்சினை?
வகுத்தல்.

யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை.
நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மாமியாரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டால்
ஆள் பட்டியலில் ஒரு வரி குறையும்.
பதினாறு. சுத்தமாக வகுபடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கவுண்டர் மூன்றில்,
நான் முதலாளி ஆனேன்.
பதிவுக் கட்டணத்தைத் தேவராசு கொடுத்தார்.
முதலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது.
என் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது
அலவன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு
ஈபிஎஃப் இல்லாமல் வந்தது.
என் கீழே நால்வர்: ரஃபீக்குல், லோரி இன்பநாதன்,
உரத்துக்கு சுப்ரியாதி, பவளக்கொடி.
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. கையெழுத்து என்னுடையது.

ஒருத்தி வேலையைக் காப்பாற்றினேன் என்று
ராத்திரியில் சொல்லிக்கொள்வேன்.
பதினாறு பேர், இருநூறு, ஆறு மாதம்.
பத்தொன்பதாயிரத்து இருநூறு என்று
விளக்கை அணைத்த பிறகும் மண்டை பெருக்கிக் காட்டும்.

ஜூலை முப்பத்தொன்று.
மாடிப்படியில் ஒரு கால் மட்டும் இழுபடும் செருப்புச் சத்தம்.
பவளக்கொடி வாசலோடு நின்றுவிட்டாள்.
இத்தனை வருடம் வாணி என்று கூப்பிட்டவள்
"முதலாளி, நாளைக்கு ஆகஸ்டுங்களே" என்றாள்.

தேவராசு கோப்பிக் கடையில் இருந்தார்.
கட்டத்தைத் திருத்தினேன்.
நான்கு வரி ஏறியது, என் கம்பெனி நான்கு வரி மட்டும்.
மற்ற மூன்று கோப்புகளுக்கும் கடவுச்சொல் அவரிடம்.

தாளை அடித்து நீட்டினேன்.
எண்ணை விரலால் தொட்டுப் படித்தாள்.
மடித்து மார்போடு செருகிக்கொண்டாள்.
போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"மத்தவங்களுக்கு?" என்றாள்.